முன் முகமும் பின் முகமும்

30 வினாடி என்பது எவ்வளவு நேரம்? நிறுத்தி நிதானமாக ஓதினால் அல்ஹம்து சூரா ஒன்று முடியும். ஒளுச் செய்ய அமர்ந்தவர் முகம் கழுவி முடித்திருப்பார், கையைத் தொடங்கியிருப்பார். அடுப்பில் ஏற்றிய பால் அதற்குள் பொங்குவதில்லை. அந்தச் சிறு பொழுதுக்குள் ஒரு பெண்ணுக்குத் தன் முகத்தின்மேல் ஐயத்தை உண்டாக்கி, அந்த ஐயம் தீரும் வழியையும் காட்டி, அதனை வாங்கும் ஆசையையும் ஊட்டிவிடுகிறார்கள் தொலைக்காட்சி விளம்பரக்காரர்கள். நாள்தோறும் நம் கூடங்களில் நடப்பதுதான் இது. ஆயினும் அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. நமக்கு அண்மையில் கிட்டியது.

நாம் மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்று, பின்னர் தமிழும் முறையாகக் கற்று, கடற்கரையை ஒட்டிய ஓர் ஊரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இரு மொழிகளையும் கற்பித்து வருகிறோம். அக்கல்லூரியில் காட்சித் தொடர்பியல் என்றொரு துறை உண்டு. பிள்ளைகள் 'விஸ்காம்' என்பார்கள். மூன்றாம் ஆண்டு மாணவியர் குழுக் குழுவாகச் சேர்ந்து ஆளுக்கொரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்துத் தரவேண்டும் என்பது பாடத்தின் ஒரு பகுதி. ஐவர் அடங்கிய ஒரு குழு முகத்துக்குப் பூசும் கிரீமைத் தேர்ந்துகொண்டது. உண்மையில் அப்படி ஒரு கிரீம் கிடையாது. ஒரு சிறு டப்பி, அதற்குள் தயிரின் ஆடை, டப்பியின் மேல் ஒட்டிய வண்ணத்தாள், அதில் திங்களைக் குறிக்கும் ஒரு பெயர், இவ்வளவே. "ஹஜ்ரத், தமிழை மட்டும் நீங்க பார்த்துக் கொடுங்க" என்று ஐவரும் வந்து நின்றார்கள்.

ஓர் ஆலிமுக்கும் அழகு கிரீமுக்கும் என்ன தொடர்பு என்று சில நேயர்கள் புருவம் உயர்த்தலாம். மொழியாசிரியனுக்கு வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் பொருள் இன்னதென்று விசாரித்து அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. மேலும், விளம்பரங்களில் இன்று வழங்கும் தமிழைக் கேட்கும்போது, அழைக்காமலே போய்த் திருத்திக் கொடுக்கலாமா என்றுதான் தோன்றுகிறது.

அவர்கள் எழுதி வந்த கதை இது. ஒரு பெண் கண்ணாடி முன் நிற்கிறாள், முகம் வாடியிருக்கிறது. நாளை அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. தோழி ஒருத்தி டப்பியை நீட்டுகிறாள். நாள்காட்டியின் தாள்கள் பறக்கின்றன. மீண்டும் அதே கண்ணாடி, முகம் ஒளிர்கிறது. தேர்வு செய்யும் மேசைக்கு அப்பால் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டது. நாளை தேர்வு என்றால் இடையே நாள்காட்டித் தாள்கள் எப்படிப் பறந்தன என்று கேட்டோம். ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். 'அடுத்த வாரம்' என்று திருத்திக்கொண்டார்கள். முதலில் பெண் பார்க்க வரும் காட்சியைத்தான் நினைத்தார்களாம். அது பழைய சிந்தனை என்று தள்ளிவிட்டு நேர்முகத் தேர்வாக மாற்றினார்களாம். பெண் பார்க்க வருகிறவர்களும் மேசைக்கு அப்பால் அமர்ந்தவர்களும் நாற்காலி மாறி அமர்ந்த ஒரே கூட்டத்தார்தாமே என்று நமக்குப் பட்டது, அப்போது சொல்லவில்லை.

இந்தக் கதை அவர்களுடைய கற்பனையும் அன்று. அவர்கள் பிறப்பதற்கு வெகுமுன்பே வார்த்து வைத்த அச்சு இது. நம் பாட்டிமார் காலத்தில் ஸ்நோவும் பவுடரும் இருந்தன. பம்பாயில் பட்டன்வாலா என்னும் முஸ்லிம் வணிகர் தயாரித்த 'ஆப்கான் ஸ்நோ' எத்தனையோ மணப்பெண்களின் சீர்வரிசைத் தட்டில் இடம்பெற்றது. 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் கிரீமைக் கொண்டுவந்தது. மறு ஆண்டான 1976இல் இந்தியத் தொலைக்காட்சி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. கிரீமும் திரையும் கிட்டத்தட்ட உடன்பிறந்தவைபோல வளர்ந்தன. ஸ்நோ பூசினால் அப்போதைக்கு முகம் வெளுத்துத் தெரியும், கழுவினால் போய்விடும், அது பூச்சு என்பது பூசியவளுக்கும் தெரியும், பார்ப்பவர்க்கும் தெரியும். புதிய கிரீமோ ஆளையே மாற்றித் தருவதாகச் சொல்லிற்று. அந்த மாற்றத்தைக் காட்ட ஒரு முன் முகமும் ஒரு பின் முகமும் தேவைப்பட்டன.

ஆண்பிள்ளை இல்லையே என்று வருந்தும் தந்தைக்கு மகள் ஒருத்தி. அவள் கிரீம் பூசி நிறம் பெற்று விமானப் பணிப்பெண் ஆகிறாள். குடும்பத்தின் வறுமை தீர்கிறது. இப்படி ஒரு விளம்பரம் வந்ததையும், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எழுப்பிய எதிர்ப்பினால் 2003இல் அது ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டதையும் நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2014இல் இந்திய விளம்பரத் தரநிர்ணயக் குழு இத்தகைய விளம்பரங்களுக்கென்றே சில நெறிகளை வகுத்தது. 2020இல் அக்கிரீமின் பெயரிலிருந்த 'ஃபேர்' என்னும் சொல் நீக்கப்பட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. சொல் போயிற்று, அச்சு மட்டும் நம் மாணவியரின் கைக்கு அப்படியே வந்து சேர்ந்திருந்தது. எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. தாலாட்டைக் கற்றுக்கொள்வதுபோலக் கேட்டுக் கேட்டே கற்றிருந்தார்கள்.

இவ்விடத்தில் நாம் ஓதிய ஃபிக்ஹு நூல் ஒன்று நினைவுக்கு வந்ததை மறைப்பதற்கில்லை. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் நூலில் வணிகப் படலத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. விற்பதற்கு முன் கால்நடையின் மடியைச் சில நாள் கறக்காமல் கட்டிவைத்து, நிறையப் பால் தருவதுபோலக் காட்டுவது குற்றம். வாங்கியவன் அதனைத் திருப்பிக் கொடுக்கலாம். இதனோடு சேர்த்து வேறு சில தந்திரங்களையும் இமாமவர்கள் அடுக்குகிறார்கள். வாய்க்கால் நீரைத் தேக்கி வைத்து விற்பனை நேரத்தில் திறந்துவிடுவது ஒன்று. அடிமை வணிகம் நிலவிய காலமாதலால், விற்கப்படும் பெண்ணின் முகத்துக்குச் செம்மையூட்டுவதும், தலைமுடியைக் கருமையாக்குவதும், அதனைச் சுருளச் செய்வதும் அதே கணக்கில் வருகின்றன. முகப்பூச்சு அங்கே வணிக மோசடிகளின் வரிசையில் நிற்கிறது.

அடுத்து வருவது இன்னும் சுவையானது. விற்கப்படுபவன் எழுதத் தெரிந்தவன் என்று தோன்றும்படி அவன் சட்டையில் மையைத் தடவி வைத்தால்? அதற்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை என்பதே சரியான கருத்து என்கிறது நூல். மைக்கறையைக் கண்டு எழுத்தன் என்று நம்பியவன் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்த்திருக்கலாமே! வெள்ளைக் கோட்டு அணிந்து பற்பசைக்குச் சாட்சி சொல்லும் ஒருவர் திரையில் தோன்றும்போதெல்லாம் நமக்கு அந்த மைக்கறைச் சட்டை நினைவில் ஆடும்.

நூலில் உள்ள தந்திரங்கள் அனைத்தும் சரக்கின்மேல் செய்யப்படுபவை. ஆட்டின் மடி பெருக்கப்படுகிறது, வாய்க்கால் நிறைக்கப்படுகிறது. வாங்க வந்தவனை எவரும் தொடுவதில்லை. அவன் வந்தபடியே நிற்கிறான். ஏமாந்தால் சரக்கைத் திருப்பித் தந்துவிட்டு வந்தபடியே போகிறான். முகக் கிரீமின் விளம்பரம் இந்த வரிசையில் அடங்குவதாக நமக்குத் தோன்றவில்லை. அது டப்பிக்குச் சிறு அலங்காரம் செய்துவிட்டு, முழு வேலையையும் வாங்க வருகிறவளின்மேல் செய்கிறது. அவளுடைய விலையை அவள் கண்ணிலேயே முதலில் குறைக்கிறது. குறைத்த பிறகு கடையைத் திறக்கிறது. கிரீமைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எட்டு வினாடியில் ஏற்பட்ட ஐயத்தை எந்தக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

இதைப் பிள்ளைகளிடம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. பிரசங்கத்துக்கு ஜும்ஆ நாள் இருக்கிறது. "முன் முகமாக யார் நிற்கப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். நால்வர் ஐந்தாமவளைப் பார்த்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "நான்தான் ஹஜ்ரத். முன் முகமும் நான்தான், பின் முகமும் நான்தான்" என்றாள். கூடி ஆலோசித்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தில் நிறம் மிகுந்தவள் அவள். நிறம் மிகுந்தவள் என்று நாம் எழுதுவதை நேயர்கள் தவறாகப் படித்துவிடக் கூடும். நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் "பிள்ளை நிறமா?" என்று கேட்பார்கள், "நல்ல கலர்" என்பார்கள். நிறம் என்றாலே வெள்ளை என்று ஆகிவிட்டது. கறுத்த பிள்ளைக்கு நிறமே கிடையாது போலும்! அந்தப் பெண் நல்ல கறுப்பு. கண் எழுதியதுபோல் இருக்கும். பேச்சில் குறும்பு மிகுதி.

படப்பிடிப்பு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், காலியாயிருந்த ஒரு வகுப்பறையில் நடந்தது. நாமும் சற்று நேரம் போய் அமர்ந்திருந்தோம். கேமரா என்று தனியே எதுவுமில்லை, கைப்பேசிதான். முன் முகம் எடுக்கத் தொடங்கியபோது ஒரு தடை வந்தது. எவ்வளவு முயன்றும் முகம் போதிய அளவு மங்கவில்லை. வெகு நேரம் தேடிய பின்புதான் காரணம் தெரிந்தது. அந்தக் கைப்பேசியில் முகத்தைத் தானே மழமழப்பாக்கி வெளுத்துக் காட்டும் ஓர் அமைப்பு திறந்தே கிடந்தது. எவரும் திறந்து வைக்கவில்லை. வாங்கியபோதே அப்படித்தான் இருந்ததாம். மூன்று ஆண்டுகளாகத் தோழியர் எடுத்துக்கொண்ட படங்கள் எல்லாவற்றிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. அதை அடைத்துவிட்டு எடுத்த முதல் படத்தை ஐவரும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றுவிட்டது.

கருவி நடுநிலையானது என்று எண்ணுவது நம் வழக்கம். படச்சுருள் காலத்திலும் அது உண்மையாக இருந்ததில்லை. வண்ணப்படம் கழுவும் கூடங்களில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டை வைத்திருப்பார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஒரு பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் அப்பிக் கிடந்தன. சாக்லேட் செய்வோரும் மரச்சாமான் செய்வோரும் தத்தம் பொருளின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே படச்சுருளில் மாற்றங்கள் வந்தன என்கிறது அதன் வரலாறு. மனித முகம் முறையிட்டபோது கேட்காத செவி, மேசை நாற்காலிக்குத் திறந்தது!

கருவியை அடக்கிய பின் பிள்ளைகள் வேலையில் இறங்கினார்கள். முன் முகத்துக்கு மேலேயிருந்த குழல்விளக்கை மட்டும் எரியவிட்டார்கள். கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்தது. சாம்பல் நிறத் துப்பட்டா. கூந்தல் சற்றுக் கலைந்திருந்தது. "சிரிக்காதே, குனிந்து பார்" என்றார்கள். பின் முகத்துக்குச் சன்னலைத் திறந்தார்கள்; எதிரே வெள்ளைத் தெர்மாக்கோல் பலகையை ஒருத்தி பிடித்து நின்றாள்; சன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் நிறைந்தது. ரோஜா நிறத் துப்பட்டா. "இப்ப சிரி!" அவளும் சிரித்தாள். இரண்டு துண்டுகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தபோது, கைப்பேசி பிடித்தவள் சொன்னாள்: "நிறம் பெரிசா மாறவே இல்லை ஹஜ்ரத். சிரிப்புதான் மாறியிருக்கு."

அவள் சொன்னதற்கு ஆதாரம் அடுத்த நாள் அவர்கள் கையிலேயே கிடைத்தது. 2014இல் வகுக்கப்பட்ட நெறிகள் என்று மேலே குறித்தோமே, அவற்றைத் தேடி எடுத்து வாசித்திருக்கிறார்கள். நிறத்தால் மனிதரை வேறுபடுத்தக் கூடாது. கறுத்தவர் திருமணத்திலோ வேலையிலோ முன்னேற்றத்திலோ பின்தங்குவதாகக் காட்டக் கூடாது என்பவை அதில் இருப்பது எதிர்பார்க்கத் தக்கதே. அதனுடன் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. பொருளைப் பயன்படுத்துவதற்கு முன்னுள்ள முகத்தைக் காட்டும்போது அது துயருற்றதாகவோ கவலை கொண்டதாகவோ அழகற்றதாகவோ தோன்றாதபடி தனிக்கவனம் கொள்ள வேண்டும் என்பது. நெறி வகுத்தவர்கள் முகபாவத்தைப் போய்ப் பிடித்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வு போயிற்று. குனிந்த பார்வையும் போயிற்று.

இப்போது பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கல் பிறந்தது. முன் முகம் வாடியிருக்கக் கூடாது. வாடாத முகத்துக்குக் கிரீம் எதற்கு? "முதல்லயே சிரிச்சுக்கிட்டு இருந்தா அவ ஏன் வாங்கணும் ஹஜ்ரத்?" என்றாள் குழுவின் தலைவி. கேள்வி நம்மிடம் கேட்கப்பட்டாலும் நமக்கானதாகத் தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.

அதற்கிடையில் நம் வேலையாகிய தமிழும் பாக்கி இருந்தது. 30 வினாடியில் அவசரமில்லாமல் சொல்லக்கூடிய தமிழ்ச் சொற்கள் 40க்கு மேல் இல்லை என்று சொல்லிப் பார்த்தே கண்டோம். அந்த நாற்பதில் எதைப் போடுவது? 'வெண்மை' என்று போடக் கூடாது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. 'பொலிவு' என்று எழுதியிருந்தார்கள். நல்ல சொல்தான். ஆனால் கிரீம்காரர்கள் பெயரை மாற்றிய பிறகு அந்தச் சொல்லின்மேல் ஏறியிருக்கும் பாரத்தைப் பார்த்தால் இரக்கமாயிருக்கிறது. வெண்மை என்று சொல்லத் தயங்கும் ஒவ்வோர் இடத்திலும் பொலிவை நிறுத்திவிடுகிறார்கள்.

சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம்; கருமை கலந்த தளிர்ப்பு. தலைவன் பிரிந்தால் அந்த மாமை அழிகிறது, மேனி வெளிறுகிறது. வெளிறிய நிறத்துக்குப் 'பசலை' என்று பெயர். பசலை நோய். தாயும் தோழியும் அதனைக் கண்டு அஞ்சுகிறார்கள். வெளுப்பது வருத்தத்தின் அடையாளமாகவும், மாநிறம் மீள்வது மகிழ்ச்சியின் அடையாளமாகவும் இருந்த மொழி இது. இதனைச் சொன்னபோது அந்தக் கறுத்த பெண் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். "அப்ப நம்ம விளம்பரம் தலைகீழா ஓடுது ஹஜ்ரத்" என்றாள். இன்று மணமகள் தேவைப் பத்தியில் 'மாநிறம்' என்று எழுதினால், கறுப்பு என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று படித்துக்கொள்கிறார்கள். சொல்லும் தலைகீழாகத்தான் ஓடுகிறது. அரபிலோ ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே அல்ஜாஹிள், வெள்ளையரைக் காட்டிலும் கறுத்தவர்க்குள்ள பெருமைகளைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அவர்மீது பழைய அன்பு உண்டு நமக்கு. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை திசைமாறிவிடும்.

கிரீம் என்றதும் நம் ஊர்களில் எழும் வேறொரு செய்தியையும் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. சபுராளிகள் ஊர் திரும்பும்போது பெட்டியில் அத்தரோடும் பேரீச்சம்பழத்தோடும் முகம் வெளுக்கும் கிரீம் டப்பிகளும் வருகின்றன. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர் சிலர். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பிகளும் உள்ளன. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த சிறுநீரக நோயாளர் 22 பேரை ஆராய்ந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் அது. அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிரீம் பூசி வந்தவர்கள். குற்றவாளி பாதரசம். அது தோலில் கருமை ஊறுவதைத் தடுக்கும். ஆகவே முகம் வெளுக்கத்தான் செய்யும். தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். முகக் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் தற்செயலாகக் கூட இருக்கக் கூடாது என்கிறது நம் நாட்டு விதி. அந்த விதி பெட்டிக்குள் வரும் டப்பிக்குத் தெரியாது. நேயர்கள் வீட்டில் பெயர் தெரியாத டப்பி இருந்தால், மணமகளே ஆனாலும், கொடுக்க வேண்டாம்.

படம் முடிந்தது. துறைக்குக் கொடுப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அந்தப் பெண் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் நன்னியிடம் காட்டியிருக்கிறாள். நன்னிக்கு எழுபத்தைந்து இருக்கும். கண் புரை எடுத்தவர். கைப்பேசியை முகத்தருகே பிடித்து இரண்டு முறை பார்த்தாராம். பிறகு, "மொதல்ல வந்தது நம்ம புள்ள. அது ஏன் அழுவுது? ரெண்டாவது வந்தது யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டாராம். அதுவும் நான்தான் நன்னி என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "நீ சிரிச்சா கன்னத்துல இங்க குழி வுழும். அவளுக்கு எங்க வுழுந்துச்சு?" என்றாராம். பலகையின் வெளிச்சத்தில் கன்னக்குழி நிரம்பிப் போயிருந்தது. மறுநாள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தலைவியிடம் முதல் எட்டு வினாடியை வெட்டிவிடலாம் என்று சொன்னவளும் அவளே.

வெட்டினால் மிஞ்சுவது 22 வினாடி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மீண்டும் நம்மிடம் வந்தார்கள். அப்போது அவர்களுக்கு மதீனாவின் பழைய கதை ஒன்றைச் சொன்னோம். அபுல்ஃபரஜ் அல்இஸ்ஃபஹானி தம் 'அகானி' என்னும் பெருநூலில் பதிந்து வைத்த கதை அது.

கூஃபா நகரத்து வணிகர் ஒருவர் பெண்கள் அணியும் முகத்திரைத் துணிகளை மதீனாவுக்குக் கொண்டுவந்தார். மற்ற நிறங்கள் அனைத்தும் விற்றுப்போயின. கறுப்பு மட்டும் தேங்கிவிட்டது, வாங்குவாரில்லை. அவருடைய நண்பர் தாரிமீ என்னும் கவிஞர். தாரிமீ அந்நாளில் பாட்டையும் கேளிக்கையையும் கைவிட்டுப் பள்ளிவாசலே கதியென இருந்தார். நண்பரின் இழப்பைக் கேட்டு, கவலை வேண்டாம், நாம் விற்றுத் தருகிறோம் என்றார். இரண்டே அடிகள் இயற்றினார். கறுப்புத் திரை அணிந்த ஓர் அழகி, தொழுகைக்கு ஆயத்தமான ஓர் அடியாரின் உள்ளத்தைக் கலைத்துவிட்டாள் என்பது கருத்து. பாடகர் ஒருவர் இசையமைத்துப் பாட, ஊர் முழுதும் பரவியது. தாரிமீ பழைய வழிக்குத் திரும்பிவிட்டார் என்று ஊர் பேசிற்று. மதீனாவின் நாகரிகப் பெண்மணிகள் ஒருவர் பாக்கியில்லாமல் கறுப்புத் திரை வாங்கினார்கள். சரக்குத் தீர்ந்ததும் கவிஞர் பள்ளிவாசலுக்கே போய்விட்டார்.

கதையில் நமக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த இரண்டு அடிகளில் வேறு நிறத் திரை அணிந்த பெண் ஒருத்தியும் வரவில்லை. வெள்ளை அணிந்தவள் வாடி நிற்கவில்லை. பச்சை அணிந்தவளை எவரும் தள்ளிவிடவில்லை. கறுப்பை உயர்த்தினார், அவ்வளவுதான். கொஞ்சம் மிகையாகவே உயர்த்தினார், கவிஞரல்லவா! வாங்கிய பெண்கள் வீடு திரும்பும்போது தம்மைப் பற்றிய எண்ணத்தில் ஓர் இம்மியும் குறைந்து திரும்பவில்லை.

பிள்ளைகள் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். இரண்டு நாள் கழித்துப் புதிய எட்டு வினாடியுடன் வந்தார்கள். கடற்கரைச் சாலையில் அதே பெண் சைக்கிளில் வருகிறாள், காற்று அடிக்கிறது, முகத்தில் உப்பு. வீட்டு முற்றத்துக் குழாயில் முகம் கழுவுகிறாள். தோழி டப்பியை நீட்டுகிறாள், பூசிக்கொள்கிறாள், குளிர்ச்சியாக இருக்கிறது. தெர்மாக்கோல் பலகை இல்லை, மாலை வெயில்தான். குழி விழுகிறது. உப்புக் காற்றில் உலர்ந்த முகத்துக்கு ஒரு பிடி நிழல் என்று தமிழ் எழுதிக் கொடுத்தோம். 'ஒரு பிடி நிழல்' அவர்களுக்குப் பிடித்திருந்தது. நிழலைப் பிடிக்க முடியாதே என்று ஒருத்தி தர்க்கம் செய்தாள். கிரீமைப் பிடிக்கலாம் என்று மற்றொருத்தி முடித்துவைத்தாள்.

துறை ஆசிரியை நல்லவர். தம் பாடத்தில் தேர்ந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு, காட்சி தெளிவாக உள்ளது, மொழி நன்று, ஆனால் வாங்குபவருக்கு ஒரு தேவையை உண்டாக்கவில்லை, ஆகவே விற்பனை நோக்கில் வலுக்குறைவு என்று எழுதி 50க்கு 31 மதிப்பெண் தந்தார். அவருடைய பாடநூலின்படி அவர் எழுதியது சரியே. முதற்படத்தைக் கொடுத்திருந்தால் நாற்பதைத் தாண்டியிருக்கும் என்று தலைவி கணக்கிட்டாள். வேலைக்குப் போகும்போது மதிப்பெண்தான் பேசும் என்பது அவளுக்குத் தெரியாததன்று. ஐவரும் நம்மிடம் வந்து மதிப்பெண் தாளைக் காட்டியபோது, குறை சொல்லும் குரலில் ஒருத்தியும் பேசவில்லை.

வெட்டிய எட்டு வினாடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். அழித்திருப்பார்கள் என்பது நம் எண்ணம்.

"இல்லை ஹஜ்ரத், அது இவ போன்லதான் இருக்கு" என்றார்கள், அந்தப் பெண்ணைக் காட்டி.

"ஏனம்மா?"

"அதுலதான் ஹஜ்ரத் நான் நல்லா நடிச்சிருக்கேன்" என்றாள்.